தானாக நிரம்பாத பேட்டரி

அத்தியாயம் நான்கு

வண்டி ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது. வந்த வினையே அதுதான்.

மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பழைய சைக்கிள்களுக்கும் ஓர் உடைந்த நாற்காலிக்கும் நடுவில் ஒடுங்கி நின்ற அந்தக் கறுப்பு மோட்டார் பைக், பொத்தானில் விரல் பட்டதுமே உறுமிக்கொண்டு எழுந்தது. படியில் நின்றிருந்த, வண்டிக்காரப் பையனின் அக்காவின் முகம் சுண்டிப்போனது. இந்த வண்டி ஸ்டார்ட் ஆகக்கூடாது என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

“மேடம், நாம யார் பக்கம்?” என்றான் தகரம். “ஏன்னா இந்த வண்டி போலீஸ் பக்கம்.”

தகரத்துக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியது போல அவன் வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவனுக்குச் சம்பளம் கொடுத்து, அவன் பேச்சையும் பொறுத்துக்கொள்பவர் சர்வேயரம்மா. காப்பீட்டுக் கம்பெனிக்காக ஆயுள் முழுக்க அடிபட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு எழுதியவர், ஓய்வு பெற்ற பிறகு துப்பறியும் வேலையில் இறங்கியிருந்தார். மனுஷங்க பொய் சொல்வாங்க, வண்டிக்கு அது தெரியாது என்பது அவருடைய ஒரே சித்தாந்தம். இன்று அந்தச் சித்தாந்தமே அவர்களைக் கூப்பிட்ட அக்காவுக்கு எதிராக நின்றது.

விஷயம் இதுதான். அக்காவின் தம்பி பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். போன வாரம் ஒரு மாலையில், கடைவளாகம் ஒன்றில் இருக்கும் கடிகாரக் கடைக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் கொண்ட பார்சலைக் கொடுத்துவிட்டு வந்தான். அன்று இரவே அந்தக் கடை உடைக்கப்பட்டு, அதே பார்சல் காணாமல் போனது. அலாரம் அடிக்கவே இல்லை. அலாரத்தின் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவைப் பூட்டினேன் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். அப்படியென்றால் பூட்டிய பிறகு யாரோ விவரம் தெரிந்தவன் அலாரத்தை ஊமையாக்கியிருக்கிறான். பார்சல் இருப்பதும் தெரிந்து, கடைக்குள் அடிக்கடி போய்வந்தும் பழகியவன் யார்? போலீஸ் நேராகத் தம்பியிடம் வந்து நின்றது.

தம்பி சொன்னது ஒன்றே ஒன்று. திரும்பும் வழியில் வண்டி செத்துவிட்டது, பேட்டரி காலி, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன், களைத்துப் படுத்தவன் எங்கும் போகவில்லை. மறுநாள் காலையில் போலீஸ்காரர் பொத்தானை அழுத்தினார். செத்த வண்டி எழுந்து நின்றது. உதைத்து ஸ்டார்ட் செய்யும் மிதி இல்லாத மாடல் அது. பேட்டரியில் உயிர் இல்லாமல் எழுந்திருக்கவே முடியாது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. தம்பி சீட்டைத் தூக்கி உள்ளே பார்த்தான், மெதுவாக மூடினான், அதன் பிறகு வாயையே திறக்கவில்லை. பொய் வெளிப்பட்டதும் வாய் அடைத்துப்போயிற்று என்று எழுதிக்கொண்டு, வண்டியை விட்டுவிட்டு அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாளை வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. போய்விட்டால் திருடன் என்ற பெயரோடுதான் அவன் வெளியே வருவான், அதுவும் எப்போது என்று தெரியாது.

சர்வேயரம்மா என்ஜினை நிறுத்திவிட்டு சீட்டைத் தூக்கினார். பேட்டரியின் ஒரு முனையில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. நகத்தை வைப்பதற்குள் அது பாட்டுக்கு உரிந்து வந்துவிட்டது. பையிலிருந்து வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்து இரண்டு முனைகளிலும் ஊசியை வைத்தார்.

“நிறைஞ்சிருக்கு” என்றார்.

“கதை முடிஞ்சுது” என்றான் தகரம். “பீஸைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கிளம்பலாமா, இல்ல பஸ் செலவை மட்டும் கழிச்சுக்கலாமா?”

“ஸ்டார்ட் பண்ணு. லைட்டைப் போடு. கொஞ்சம் முறுக்கிப் பிடி.”

தகரம் முறுக்கினான். என்ஜின் அலறியது. சர்வேயரம்மாவின் கண் மீட்டரை விட்டு அகலவில்லை. என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்பிப் போக வேண்டும், எண் ஏற வேண்டும் என்று அவர் அக்காவுக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டே இருந்தார். எண் ஏறவில்லை. இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்க ஆரம்பித்தது. முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது.

அவர் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். என்ஜினில் உண்டாகும் மின்சாரம் மேலே வந்து சேரும் இடத்தில், இரண்டு ஒயர்கள் ஒன்றாகும் பிளாஸ்டிக் கப்ளர் உருகிக் கறுத்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வெளிச்சத்தில் நீட்டினார்.

“கருகினதுக்கு மேல தூசி படிஞ்சிருக்கு பாரு. இது ரொம்ப நாளாவே இப்படித்தான் இருக்கு. சார்ஜ் ஏறவே இல்ல. இருக்கிறதைத் தின்னு தின்னு ஓடி, அன்னிக்குச் சாயங்காலம் தீர்ந்துபோயிருக்கு.”

“அப்ப தம்பி சொன்னது நிஜம்” என்றாள் அக்கா.

தகரம் தலையைச் சொறிந்தான். “இருங்க. இந்த வண்டியால பேட்டரியை நிரப்ப முடியாது.”

“முடியாது.”

“ஆனா பேட்டரி நிரம்பியிருக்கு.”

“இருக்கு.”

“அப்ப ராத்திரியோட ராத்திரியா யாரோ கழட்டிட்டுப் போய், நிரப்பி, விடியறதுக்குள்ள மாட்டியிருக்காங்க.” சொல்லிவிட்டுத் தகரமே திகைத்து நின்றான். அவன் வாய் தானாக மூடியது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

ஒருவனுடைய வாக்குமூலத்தைப் பொய்யாக்க இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆயுதம் வேண்டாம், கள்ளச் சாவி வேண்டாம், ஒரு சார்ஜர் போதும். அந்த நிமிடத்திலிருந்து தகரத்துக்குக் கண்ணில் பட்டவர்கள் எல்லாம் குற்றவாளிகளாகத் தெரிந்தார்கள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த கிழவர், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், பீஸ் கொடுத்துக் கூப்பிட்ட அக்கா உட்பட யாரையும் அவன் விட்டுவைக்கவில்லை.

முதலில் மாட்டியவர் தெருமுனை மெக்கானிக். சார்ஜர் வைத்திருப்பவர், வண்டியைத் தெரிந்தவர். தகரம் அவருடைய பட்டறையில் போய் நின்று, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்கிற தோரணையில் பேச்சைத் தொடங்கினான். மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைக்காமலேயே கேட்டுக்கொண்டார். கப்ளர் கருகியிருக்கிறது, மாற்று என்று பையனிடம் தான் முன்பே சொன்னதாகவும், அவன் அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போட்டதாகவும் சொன்னார். பேட்டரியை யார் நிரப்பினாலும் தொழில் தெரிந்த மெக்கானிக்காக இருக்க முடியாது என்றார்.

“ஏன் அப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டார் சர்வேயரம்மா.

“நான் சார்ஜ் போட்டா, ஏன் இறங்குச்சுன்னும் பார்ப்பேன்ல. இவன் பேட்டரியை மட்டும் பார்த்திருக்கான். வண்டியைப் பார்க்கத் தெரியல.”

திரும்பும்போது சர்வேயரம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பேட்டரி தெரிந்தவன், டேப் சுற்றத் தெரிந்தவன், ஆனால் வண்டி தெரியாதவன். அப்படி ஒரு ஆளைத் தகரம் மனதுக்குள் வரைந்து பார்த்தான். முகம் மட்டும் வரவில்லை.

அக்கா அவர்களை மாடிக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். இரண்டே அறை கொண்ட வீடு. ஒன்றில் தம்பியின் பாய் சுருட்டியபடியே இருந்தது. தகரத்துக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த மேஜை விசிறியின் ஒயரில் சுற்றியிருந்த டேப்பை நோண்டினான். நோண்டக்கூடத் தேவைப்படவில்லை, இழுத்ததும் முழுசாக வந்துவிட்டது. அவன் திருதிருவென விழித்தான்.

“விடுங்க, எங்க வீட்டுக்காரர் வந்தா சுத்திக்குவார்” என்றாள் அக்கா. “டேப் சுத்தினா கடைசியில நுனியைக் கொஞ்சம் மடிச்சு விடுவார். நாளைக்கு யாராவது பிரிக்கும்போது நகத்தால சுரண்டிக்கிட்டு நிக்கக் கூடாதாம். ஊர்ல எந்த எலக்ட்ரீஷியன் இப்படியெல்லாம் பார்க்கிறான்?”

சர்வேயரம்மா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். வண்டியிலிருந்து உரித்த சிவப்பு டேப் அவர் பைக்குள் மீட்டரில் ஒட்டியபடி கிடந்தது. அதன் நுனியும் மடித்து விடப்பட்டிருந்தது.

கணவரும் தம்பியும் எப்படி என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். தம்பி இந்தப் பழைய வண்டியைத் தன் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியதில் தொடங்கியதாம். இந்த வண்டி உன்னை நடுரோட்டில் நிறுத்தும் என்று இவர் சொல்ல, உங்க காசா என்று அவன் கேட்க, அன்றிலிருந்து ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருவரும் பேசுவதில்லை. அவனைச் சாப்பிடச் சொல்லு என்பார் இவர், குழம்பு மாமாவுக்குப் போதுமா கேளு என்பான் அவன். நடுவில் செய்தி சுமப்பது இவள் வேலை.

“அன்னிக்கு ராத்திரி அவர் எங்க இருந்தார்?”

“நைட் ட்யூட்டி. அந்தக் கடைவளாகத்துலதான் அவருக்கு எலக்ட்ரீஷியன் வேலை. சொன்னேன்ல?”

அவள் சொல்லவில்லை. தகரம் உரிந்த டேப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு சர்வேயரம்மாவைப் பார்த்தான்.

மூலையில் எலிப்பொறி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு துணிப்பை. புதுப் பையை எலி கடித்துவிட்டது, அதனால்தான் பொறி வைத்தேன், எலிதான் வரமாட்டேன் என்கிறது என்று அக்கா அலுத்துக்கொண்டாள். சர்வேயரம்மா பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள், ஓரம் எல்லாம் இற்றுப்போய்ப் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“எலி கடிச்சா நூல் தொங்கும்” என்றார். “இது பேட்டரி ஆசிட் சிந்தி அரிச்சது. இந்தப் பையில அவர் என்ன கொண்டுபோவார்?”

“சாப்பாட்டுத் தூக்கு.” அக்கா மெல்ல உட்கார்ந்தாள். “அன்னிக்குத் தூக்கை மறந்து வெச்சுட்டுப் போயிட்டார். பையை மட்டும் எடுத்துட்டுப் போனார்.” பிறகு சர்வேயரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேடம், தம்பியைக் காப்பாத்தத்தான் உங்களைக் கூப்பிட்டேன். புருஷனைப் பிடிச்சுக் கொடுக்கிறதுக்கு இல்ல.”

சர்வேயரம்மா பையை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வளாகத்தின் மீட்டர் அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. இந்த வாரம் பகல் ட்யூட்டிக்கு மாறியிருந்த மாமா, ஸ்டூலில் உட்கார்ந்து ஃப்யூஸ் ஒன்றுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். பனைமரம் போல உயரம், பேச்சு குறைவு. சர்வேயரம்மா ஓட்டைப் பையை அவர் மடியில் வைத்தார். அவர் கை அப்படியே நின்றது. தகரம் வாசலை மறித்து நின்றுகொண்டான், ஓடினால் பிடிப்பதற்கு. நிஜமாக ஓடினால் தான் எந்தப் பக்கம் ஓடுவோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

“மச்சானைப் பொய்யனாக்கணும்னு பேட்டரியை நிரப்பினீங்களா?” என்றார் சர்வேயரம்மா.

மாமா நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“அன்னிக்கு அவன் வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கிட்டு வந்ததை ஜன்னல்ல பார்த்தேன். காலையில வண்டி இல்லாட்டி அவனுக்கு வேலை இல்ல. நான் சார்ஜ் போட்டுத் தர்றேன்னா வேணாம்பான், அவ்வளவு ரோஷம். அதான் சொல்லாம கழட்டிக்கிட்டு வந்து, இங்க சார்ஜ் போட்டு, விடியக்காலம் மாட்டினேன். காலையில பொத்தானை அழுத்துவான், வண்டி போகும், அவ்வளவுதான் நினைச்சேன். போலீஸ் வந்து அழுத்தும்னு நினைக்கல.”

தகரம் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நக்கல்கள் எல்லாம் வீணாகிவிட்டன. இந்த ஒரு வார்த்தையை ஸ்டேஷனில் போய்ச் சொல்லியிருந்தால் பையன் என்றைக்கோ வீட்டுக்கு வந்திருப்பானே என்று மட்டும் கேட்டான்.

மாமா சுவரைக் காட்டினார். அறையில் இருந்தது ஒரே ஒரு சாக்கெட். அதில் கடிகாரக் கடையின் அலாரத்துக்கான பிளக் செருகியிருந்தது.

“சார்ஜருக்கு இடம் வேணும்னு இதைப் பிடுங்கினேன். காலையிலதான் திருப்பி மாட்டினேன். அலாரத்துக்கு உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, மாத்துங்கன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். அது அடிக்காம போனதுக்குக் காரணம் நான். இதை வெளிய சொன்னா என்ன சொல்வாங்க? மாமா அலாரத்தைப் பிடுங்கினான், மச்சான் கடையை உடைச்சான்னு ரெண்டு பேரையும் சேர்த்து உள்ள வெப்பாங்க. அவளுக்கு யார் இருக்கா?”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. உண்மை வெளியே வந்தால் தம்பிக்கு இன்னும் ஆபத்து. தகரம் சர்வேயரம்மாவைப் பார்த்தான். அவரோ பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பப் பிடுங்கினீங்க? கடை பூட்டினதுக்கு அப்புறமா?”

“இல்லீங்க. வந்ததும் முதல் வேலையா. அப்ப கடைங்க எல்லாம் திறந்துதான் இருந்துச்சு.”

சர்வேயரம்மாவின் முகத்தில் மெல்ல ஒரு மாற்றம் வந்தது. தகரம் பல வருடங்களாகப் பார்த்துப் பழகிய மாற்றம் அது. யாரோ ஒருவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அவர் மாமாவிடம் ஒரே ஒரு உதவி கேட்டார். அதைச் செய்தால் வேலை போனாலும் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் ஓட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினார்.

கடிகாரக் கடைக்காரர் மதிய இடைவேளைக்காகக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டியை மென்மையான துணியால் துடைத்தபடியே, பாவம் அந்தப் பையன், நல்லவன்தான், ஆசை யாரை விட்டது என்று வருத்தப்பட்டார். சர்வேயரம்மாவும் சேர்ந்து வருத்தப்பட்டார். பிறகு, அலாரம் போட்டுப் பூட்டுவது எப்படி என்று ஒருமுறை காட்ட முடியுமா, தனக்கு இந்த நவீன சமாசாரமெல்லாம் பிடிபடுவதில்லை என்று கேட்டுக்கொண்டார். கடைக்காரர் பெருமையோடு கதவருகே போய்ச் சாவியைத் திருப்பினார். அன்று பார்த்தேன் என்று அவர் அடித்துச் சொன்ன சிவப்பு விளக்கு எரியவில்லை.

இன்னொரு முறை திருப்பினார். எரியவில்லை. கடைக்காரர் எரிச்சலோடு வெளியே தலையை நீட்டி, மீட்டர் அறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

“யாருப்பா அங்க? அந்த அலாரம் பிளக்கைச் சொருகுப்பா.”

கடையில் இருந்த கடிகாரங்கள் மட்டும் சத்தம் போட்டன.

“ஃப்யூஸ் போயிருக்கலாம்” என்றார் சர்வேயரம்மா நிதானமாக. “பல்பு போயிருக்கலாம். சாவி தேய்ஞ்சிருக்கலாம். நீங்க எதையும் பார்க்கல. நேரா பிளக்குக்குப் போயிட்டீங்க. பிளக்தான்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“அது, அடிக்கடி கழண்டுக்கும்.” கடைக்காரர் மென்று விழுங்கினார்.

“கழண்டதே இல்ல.” வாசலில் மாமா நின்றார், கையில் பிளக்கின் ஒயர். “இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வெளிய இருந்துச்சு. பிடுங்கினது நான். அன்னிக்கு நீங்க கடையைப் பூட்டுறதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டேன். அந்த விளக்கு எரிஞ்சிருக்கவே முடியாது. இதைச் சொன்னா என் வேலை போயிடும்னு தெரியும். எழுதிக் கேட்டாலும் கொடுக்கிறேன்.”

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மீதிக் கதையைச் சர்வேயரம்மாவே சொல்லி முடித்தார். அன்று பூட்டும்போது விளக்கு எரியாததைக் கண்டு அவர் மீட்டர் அறை வரை போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே யாரோ பேட்டரி சார்ஜ் போட்டிருக்கிறார்கள், பிளக் கீழே கிடக்கிறது. அதைச் சொருகாமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறார். தன் கடையைத் தானே உடைத்து, வந்த பார்சலைப் பதுக்கிக் காப்பீட்டுப் பணம் வாங்க இதைவிட நல்ல இரவு கிடைக்காது. ஆனால் அலாரம் போடாமல் பூட்டினால் காப்பீடு செல்லாது. அதனால் அந்த விளக்கு, கடையில் எரியாவிட்டாலும் அவர் வாயில் எரிந்தே ஆக வேண்டியிருந்தது.

“இந்த வகைப் பொய்யை நான் நிறைய பார்த்திருக்கேன் சார்” என்றார். “என்ன, இதுவரைக்கும் வண்டியிலதான் பார்த்திருக்கேன்.”

அன்று மாலையே பார்சல் கடைக்காரர் வீட்டுப் பரணில், கட்டுப் பிரிக்காமல் கிடைத்தது. இரவு விழுவதற்குள் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். ஆள் இளைத்திருந்தான். படிக்குக் கீழே நின்ற வண்டியைப் பார்த்தானே தவிர, பக்கத்தில் நின்ற மாமாவைப் பார்க்கவில்லை. மாமாவை வளாகத்துக்காரர்கள் மறுபேச்சில்லாமல் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

தகரத்துக்கு ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் நின்றது. கேட்காமல் விட அவனால் முடியுமா என்ன.

“போலீஸ் வந்த அன்னிக்குச் சீட்டைத் தூக்கிப் பார்த்துட்டு ஏன்ப்பா வாயை மூடிக்கிட்டே? யாரோ பேட்டரியைத் தொட்டிருக்காங்கன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

தம்பி தரையைப் பார்த்தான்.

“டேப் நுனி மடிச்சிருந்துச்சு” என்றான். “பார்த்ததுமே தெரிஞ்சுது. திருட்டு நடந்த கட்டடத்துலதான் அன்னிக்கு அவருக்கு ட்யூட்டி. நான் வாயைத் திறந்தா அவரை இழுத்துட்டுப் போவாங்க. அப்புறம் அக்கா என்ன பண்ணுவா?”

அக்கா படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சர்வேயரம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா தொண்டையைச் செருமினார். பழக்க தோஷத்தில் மனைவி பக்கம் திரும்பி, “அவன்கிட்ட சொல்லு, அந்தக் கப்ளரை” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு மச்சானிடமே திரும்பினார்.

“டார்ச்சைப் பிடி. அந்தக் கப்ளரை இப்பவே மாத்திடலாம்.”

“சரி மாமா” என்றான் அவன்.

ஆக, அந்த வீட்டில் அன்று வேலை போனது ஒருவருக்கு இல்லை, இரண்டு பேருக்கு. அதில் செய்தி சுமக்கும் வேலை போன அக்கா மட்டும் அழுகையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.